பீச் ரோடு ராணுவச் சந்தை: தெக்கோங் போகும் பிள்ளைக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்

மூத்தவன் போன ஆண்டு தெக்கோங் தீவில் அடிப்படை ராணுவப் பயிற்சியை முடித்தான். இப்போது இளையவனுக்கு அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது, அதனால் போன சனிக்கிழமை மறுபடியும் பீச் ரோடு போய் வந்தேன். முதல் தடவை போனபோது எனக்கு எதுவுமே தெரியாது. நானும் கணவரும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து நிரந்தரவாசி ஆனவர்கள், அவருக்கு என்எஸ் (கட்டாய தேசிய சேவை) கிடையாது, பிள்ளைகளுக்குத்தான் உண்டு. எங்கள் இருவர் குடும்பத்திலும் பட்டாளத்துக்குப் போனவர் ஒருவரும் இல்லை. எங்களைப் போன்ற வீடுகள் சிங்கப்பூரில் நிறைய இருக்கின்றன, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நாங்களே தவறான கட்டடத்துக்குப் போய் நின்றோம். நீங்கள் போக வேண்டியது கோல்டன் மைல் உணவு நிலையம், 505 பீச் ரோடு. எதிர்ப்பக்கம் இருக்கும் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் வேறு. நிக்கல் ஹைவே எம்ஆர்டியில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். சாப்பாட்டுக் கடைகளுக்கு மேலே ராணுவச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும், சின்னச் சின்னக் கடைகள், கூரை வரைக்கும் பச்சைப் பைகள், பெல்ட், டார்ச், சாக்ஸ். பெயர்ப்பட்டை தைக்கும் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

முதல் தடவை ஒரு கடையில் "புதுப் பையன்களுக்கான செட்" என்று ஒரு பெரிய பை கட்டி வைத்திருந்தார்கள். நான் பயந்துபோயிருந்த நேரம், மகன் கூட வரவில்லை, கேள்வி கேட்காமல் வாங்கிவிட்டேன். அதில் பாதிப் பொருள் அவனுக்குச் சேர்ப்பு நாளிலேயே ராணுவம் கொடுத்துவிட்டது. சீருடை, பூட்ஸ், உடற்பயிற்சிச் சட்டை, தண்ணீர்ப் புட்டி எல்லாம் அவர்களே தருகிறார்கள். செட்டில் இருந்த பூட்டு முதல் மாதமே துருப்பிடித்துச் சாவி திரும்பவில்லை, சார்ஜன்ட் முன்னால் அலமாரியைத் திறக்க முடியாமல் நின்றிருக்கிறான். கடைக்காரரிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன், செட்டாக வாங்கியதைப் பிரித்து மாற்ற முடியாது என்றார். எந்தக் கடையிலும் செட் வாங்காதீர்கள். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குங்கள், செலவு பாதிகூட ஆகாது.

இந்தத் தடவை நான் போன கடை வேறு, ஓர் ஓரத்தில் வயதான சீன அங்கிள் உட்கார்ந்திருந்தார். நான் பட்டியலை நீட்டியதும் படித்துப் பார்த்து மூன்று பொருளை அவரே அடித்துவிட்டார், இது உள்ளே கொடுப்பார்கள் ஆன்ட்டி, காசை வைத்துக்கொள்ளுங்கள் என்று. இப்படி ஒரு மனிதருக்காகவே அந்த மாடிப்படி ஏறலாம்.

உண்மையிலேயே உதவுகிற பொருள்களில் முதல் இடம் ஜிப்லாக் பைக்குத்தான். ஒரு பிளாஸ்டிக் பையா என்று நினைப்பீர்கள். தெக்கோங்கில் மழை பெய்தால் கொட்டும், காட்டில் தங்கும் ஃபீல்ட் கேம்ப்பில் முதுகுப்பை முழுக்க நனைந்துபோகும். ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு உள்ளாடை, ஒரு ஜோடி சாக்ஸ் என்று மடித்துக் காற்றை அழுத்தி எடுத்து ஒரு பையில் போட வேண்டும், அப்படி ஒரு நாளைக்கு ஒரு பை. ஈர சாக்ஸோடு நடந்தால் பாதம் வெளுத்து ஊறிவிடும், அதற்குப் பிறகு ஒவ்வொரு அடியும் வேதனை. மகன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் கேட்டது இதைத்தான்: "அம்மா, பெரிய ஜிப்லாக் இன்னும் வேணும்." சந்தையில் கிடைப்பது கனமாக இருக்கிறது, பெரிய அளவிலும் இருக்கிறது, பேரங்காடியில் வாங்கிய மெல்லிய பை இரண்டாவது தடவையே வாய் பிளந்துவிட்டது.

அடுத்தது பவுடர். ஃபீல்ட் கேம்ப்பில் குளியல் கிடையாது, பவுடர் போட்டுக்கொள்வதுதான் குளியல். வேர்க்குரு பவுடர் ஒன்று, காலுக்குத் தனியாக ஒன்று வேண்டும். இதைச் சந்தையில் வாங்க வேண்டியதில்லை, லிட்டில் இந்தியாவின் தேக்காவிலோ வீட்டுப் பக்கத்துக் கடையிலோ மலிவு. வாசனை அதிகமில்லாததாகப் பாருங்கள். கூடவே ஈரத் துடைப்பான், கொசு மருந்து, கால் கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், துணியில் பெயர் எழுத அழியாத கறுப்பு மார்க்கர். சந்தையில் மட்டும் நன்றாகக் கிடைப்பவை: கால்சட்டையின் அடியை பூட்ஸுக்கு மேலே மடித்துப் பிடிக்கிற எலாஸ்டிக் பட்டை (தொலைந்துகொண்டே இருக்கும், நாலு ஜோடி வாங்குங்கள்), சிவப்பு வெளிச்சம் தரும் சின்ன டார்ச், காட்டில் மறைந்திருக்க முகத்தில் பூசும் மை டப்பா (கண்ணாடியோடு வரும்). இந்த மூன்றுக்கும் எனக்கு மொத்தம் 31 வெள்ளி ஆனது.

பூட்ஸுக்குள் வைக்கும் மெத்தையை மட்டும் முன்கூட்டி வாங்காதீர்கள். நான் நல்லதாக இருக்கட்டும் என்று தடிமனானதாக வாங்கிக் கொடுத்தேன். பூட்ஸ் இறுகி, குதிகாலில் தோல் உரிந்து, 8 கிலோமீட்டர் நடையை அவன் அந்தக் காலோடு முடித்திருக்கிறான். நடை 4 கிலோமீட்டரில் தொடங்கிப் படிப்படியாக ஏறிக் கடைசியில் 24 கிலோமீட்டர் வரை போகும், சாமானும் துப்பாக்கியும் சுமந்துகொண்டு. அதனால் முதல் புக் அவுட்டில், அதாவது முதல் தடவை வீட்டுக்கு விடும்போது, பிள்ளை வந்த பிறகு, அவன் பூட்ஸையே கையோடு சந்தைக்குக் கொண்டுபோய், உள்ளே வைத்து நடந்து பார்த்து வாங்குங்கள். என் அவசரத்தால் பிள்ளையின் கால் புண்ணானது, இப்போது நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றி நம் வீடுகளில்தான் அதிகம் கவலைப்படுவோம். வேண்டாம். சேர்ப்பு நாளில் பெற்றோரையும் படகில் தீவுக்கு அழைத்துப் போகிறார்கள், பிள்ளை தூங்கப்போகிற பங்க்கைக் காட்டுகிறார்கள், குக்ஹவுஸில் சேர்ந்து சாப்பிட வைக்கிறார்கள். முஸ்லிம்களுக்கும் சைவர்களுக்கும் தனிச் சாப்பாடு உண்டு. நான் ஒரு டப்பா முறுக்கு கட்டிக் கொடுத்தேன், எறும்பு வரும், பங்க்கில் தின்பண்டம் கூடாது என்று அன்றைக்கே திரும்பி வந்துவிட்டது. ஊர்ப் பலகாரம் எல்லாம் சனி, ஞாயிறு வீட்டுக்கு வரும்போதுதான்.

இன்னொன்று. பிள்ளைக்குச் சாமான் அனுப்புவது என்றால் பார்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. ஒன்பது வாரப் பயிற்சியில் முதல் இரண்டு வாரம் பிள்ளை வெளியே வர முடியாது, அப்புறம் வார இறுதியில் வருவான், ஞாயிறு சாயங்காலம் பாசிர் ரிஸ் போய் பஸ் ஏறிப் படகுத்துறைக்குப் போவான். அந்தப் பைதான் உங்கள் பார்சல். முதல் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் முதல் நாள் கொடுங்கள், மீதியை அவன் வந்து கேட்பதைப் பார்த்து வாங்குங்கள். நான் எல்லாவற்றையும் முதல் நாளே திணித்தேன், அலமாரியில் இடமில்லாமல் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

எங்கள் மூத்த மகனின் கம்பெனியில் (பயிற்சிப் படைப்பிரிவில்), பையன்களுக்குத் தெரியாமல் பெற்றோரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஃபீல்ட் கேம்ப்பில் ஓர் இரவு அதைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். எதிர்வீட்டு மலாய்க்கார அக்காவுக்கு மூன்று பையன்கள், மூவரும் என்எஸ் முடித்தவர்கள், அவர்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்து எழுதச் சொன்னார். இரண்டு வரியில் விட்டுவிடாதே, நீளமாக எழுது, அவன் ரொம்ப நேரம் படிக்கட்டும் என்றார். ஆங்கிலத்தில் எழுதலாமா என்று யோசித்தேன், அவன் தமிழ் படிக்க மெதுவாகத்தான் வரும். தமிழிலேயே எழுதினேன், எழுத்தைப் பெரிதாக, கூட்டெழுத்து இல்லாமல். அவன் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது தாத்தா மருந்துக்கடை வாசலில் காத்திருந்த கதை, நாங்கள் முதலில் குடியிருந்த வாடகை அறை, அவன் அப்பா அவனிடம் சொல்லாத சில விஷயங்கள். அறிவுரை ஒன்றுகூட எழுதவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்ததாம். சிவப்பு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறான். பக்கத்தில் படுத்திருந்த சீனப் பையன் தன் கடிதத்தை முடித்துவிட்டு, உன்னுடையது இன்னும் முடியவில்லையா என்று கேட்டிருக்கிறான். அதை மடித்து ஜிப்லாக்கில் போட்டு, 24 கிலோமீட்டர் நடை முடிகிற வரைக்கும் சட்டைப்பையில் வைத்திருந்தான். இன்றைக்கும் பீரோவில் இருக்கிறது, பவுடர் வாசனையோடு.

சந்தைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு, அந்த ஒன்றைக் குறைத்தது செட் விற்ற கடைக்காக. இளையவனுக்கு இந்தத் தடவை வாங்கியது ஜிப்லாக், எலாஸ்டிக் பட்டை, டார்ச், முகத்தில் பூசும் மை, ஒரு நல்ல பித்தளைப் பூட்டு. பணம் கொடுக்கும்போது அங்கிள் இன்னும் இரண்டு சின்ன ஜிப்லாக்கைச் சும்மா போட்டார். ஒன்றில் கடிதத்தாளை இப்போதே போட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கம் எழுதியாகிவிட்டது.