கேஷைச் சரிசெய்வதா, முழு எஸ்எஸ்டிக்கு மாறுவதா?

ஹார்ட் டிஸ்கோடு 16 அல்லது 32 ஜிபி கேஷ் எஸ்எஸ்டியும் (அடிக்கடி தேவைப்படும் தகவலை வேகமாக எடுத்துத் தரும் சின்ன எஸ்எஸ்டி) சேர்ந்து வந்த லேப்டாப் திடீரென மெதுவாகத் தொடங்குகிறதா? விண்டோஸ் லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றனவா? கேஷ் துண்டிக்கப்பட்டு, முழுச் சுமையும் ஹார்ட் டிஸ்க் தலையில் விழுந்திருக்கலாம்.

செலவு
கேஷ்: காசே வேண்டாம்.
முழு எஸ்எஸ்டி: வாங்கத்தான் வேண்டும்.

வேலை
கேஷ்: இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் மென்பொருளில் ஆக்சிலரேஷனை (கேஷ் மூலம் ஹார்ட் டிஸ்கை வேகப்படுத்தும் வசதி) நிறுத்தி, மறுபடி ஆன் செய்ய வேண்டும். கேஷ் காலியாக ஆரம்பிப்பதால் முதல் சில தடவை மெதுவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.
முழு எஸ்எஸ்டி: ஹார்ட் டிஸ்கில் உள்ளதை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து (குளோன் செய்து), ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக அதைப் போட வேண்டும்.

ஆபத்து
இதில்தான் பலர் கோப்புகளை இழக்கிறார்கள். கேஷ் 'மேக்சிமைஸ்டு' முறையில் இருந்தால் புதிய தகவல் முதலில் கேஷுக்குப் போய், பிறகுதான் ஹார்ட் டிஸ்குக்கு வரும். ஆக்சிலரேஷனை நிறுத்தாமல் கேஷைக் கழற்றினால் அந்தத் தகவல் போய்விடும். 'என்ஹான்ஸ்டு' முறையில் இரண்டிலும் சேர்த்தே எழுதப்படும், அந்தப் பயமில்லை. எந்த வழியானாலும் முதலில் பேக்கப் எடுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) டிஸ்க் இயங்கும் முறையை அவசரப்பட்டு ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கலாம்.

உழைப்பு
கேஷ்: சின்ன இடத்திலேயே திரும்பத் திரும்ப எழுதப்படுவதால் சீக்கிரம் தேயும். உங்கள் கேஷ் இன்டெலின் 'ஆப்டேன்' வகை என்றால், அந்தத் தொழிலையே மூடுவதாக இன்டெல் 2022இல் அறிவித்துவிட்டது.
முழு எஸ்எஸ்டி: எல்லாக் கோப்பும் வேகமாகத் திறக்கும், கேஷ் தகராறே இல்லை.

கொஞ்ச நாளில் லேப்டாப்பை மாற்றப் போகிறவருக்குக் கேஷைச் சரிசெய்தால் போதும். இன்னும் சில வருடம் ஓட்ட வேண்டுமென்றாலோ, சரிசெய்த கேஷ் மறுபடி மக்கர் செய்தாலோ, தயங்காமல் முழு எஸ்எஸ்டி போடுங்கள்.