மோட்டார்ஹோம் ஏசி ஓடவில்லையா? கம்ப்ரசர் போச்சு என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

அரிசோனா பக்கம் மோட்டார்ஹோமில், அதாவது உள்ளேயே தங்கிக்கொள்ளும் வீட்டு வண்டியில், போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஃபீனிக்ஸ் அருகே ஒரு சர்வீஸ் சென்டரில், என்ன கோளாறு என்று பார்த்ததற்கு மட்டும் 189 டாலர் வாங்கிக்கொண்டு, கூரை ஏசியில் கம்ப்ரசர் போய்விட்டது, முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும், இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே 110 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், உள்ளே என் மாமியாரும் கைக்குழந்தையும். உண்மையில் போயிருந்தது ஒரு 15 ஆம்ப் ஃபியூஸ்.

இந்த வண்டிகளில் ஏசி இரண்டு. டேஷ்போர்டு ஏசி இன்ஜினோடு ஓடுவது, அதன் ஃபியூஸ் ஸ்டீயரிங் பக்கம் கீழேயோ பானெட்டுக்குள்ளோ இருக்கும். கூரை ஏசி 120 வோல்ட்டில் ஓடும், அதற்கு ஃபியூஸ் இல்லை, பிரேக்கர் (டிரிப் ஆகும் சுவிட்ச்), பெரும்பாலும் 20 ஆம்ப். ஆனால் அதை ஓடச் சொல்கிற தெர்மோஸ்டாட்டுக்கு பேட்டரியின் 12 வோல்ட் வேண்டும், அதற்குத் தனி ஃபியூஸ். எங்கள் வண்டியில் அது பிரேக்கர் பெட்டியிலேயே, கட்டிலின் கால்மாட்டில் இருக்கிறது.

எங்கள் தெர்மோஸ்டாட்டில் திரையே வரவில்லை. அதைக் காட்டியும், "லைட் எரியுது, ஃபிரிட்ஜ் ஓடுது, அப்புறம் எப்படி ஃபியூஸ் போயிருக்கும்?" என்றார் அந்த மெக்கானிக். லைட்டுக்கு ஒரு ஃபியூஸ், ஃபிரிட்ஜுக்கு ஒரு ஃபியூஸ், இது தெரியாமலா அந்தத் தொழிலில் இருக்கிறார்? தெர்மோஸ்டாட்டே செத்துக் கிடக்கும்போது கம்ப்ரசர் நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொன்னார்? ரசீதில் மீட்டர் வைத்துப் பார்த்த அளவு ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் கேம்ப்கிரவுண்டில் பக்கத்து வண்டிப் பெரியவர், ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன், கரண்ட் கேபிளைக் கழற்றச் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து அந்த நீல ஃபியூஸை உருவி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே கம்பி அறுந்து, சுற்றிலும் பிளாஸ்டிக் கருகியிருந்தது. புதிது போட்டு கரண்ட் கொடுத்ததும் திரை வந்தது, கொஞ்ச நேரத்தில் கம்ப்ரசரும் ஓட ஆரம்பித்தது. மறுபடி போனால் எங்கோ ஒயர் உரசுகிறது என்று அர்த்தம், அதற்காக 15 இருந்த இடத்தில் 20 போட்டுவிடாதே, ஒயர் தீப்பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

சர்வீஸ் சென்டரில் பணத்தைத் திருப்பிக் கேட்டால், அது பார்த்ததற்கான கூலி என்கிறார்கள். நுகர்வோர் புகார்களை வாங்கும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எங்கே போனாலும் சரி, தெர்மோஸ்டாட்டுக்கு 12 வோல்ட் வருகிறதா, கம்ப்ரசருக்கு 120 வருகிறதா, இரண்டையும் அளந்து ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.