வாஷிங் மெஷின் நின்றுவிட்டால்: கம்பெனி சர்வீஸா, தெருமுனை மெக்கானிக்கா?

வாரண்டி இருக்கும்வரை யோசிக்கவே வேண்டாம், கம்பெனிக்குத்தான் போன் போட வேண்டும். வெளியாள் கை வைத்தது தெரிந்தால் வாரண்டியைக் காட்டிப் பேச முடியாது. குழப்பமெல்லாம் வாரண்டி முடிந்த மெஷினுக்குத்தான். இரண்டு பேரையும் வீட்டுக்கு வரவழைத்துப் பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு தெருமுனை மெக்கானிக்குக்கு. காரணம் ஒன்றுதான்: மெஷினுக்கு மூளை மாதிரி உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு.

யாரைக் கூப்பிடுவதற்கு முன்பும் குழாய், வடிகால் ஹோஸ், மூடி மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தண்ணீர் ஹோஸைக் கழற்றினால் மெஷின் பக்கம் சின்ன சல்லடை ஒன்று இருக்கும். போர்வெல் தண்ணீர் வீடுகளில் அதில் மண்ணும் உப்பும் அடைத்திருப்பது சகஜம். திரையில் வரும் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்ஜியில் ஐஇ, சாம்சங்கில் 4சி என்று வந்தால் தண்ணீர் ஏறவில்லை. ஓஇ, 5சி என்றால் வடியவில்லை.

ஆனால் அந்த எழுத்தை முழுசாக நம்பவும் முடியாது. எங்கள் வீட்டு டாப் லோட் மெஷின் தண்ணீர் வரவில்லை என்று சொல்லி நின்றுகொண்டே இருந்தது. குழாயிலோ தண்ணீர் பீய்ச்சி அடித்தது. உள்ளே போன வேகத்தில் வடிகால் வழியாக ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். குறித்த நேரத்துக்குள் டிரம் நிரம்பாததால் மெஷின் தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

கம்பெனி ஆள் சொன்ன நேரத்துக்கு வந்தார். வடிகால் வால்வில் சில்லறையோ ஹேர்பின்னோ சிக்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார், இல்லை. பவர் பட்டனை அழுத்தியதுமே வடிகால் மோட்டார் கிர்ரென்று வால்வை இழுத்துத் திறப்பதைக் காட்டி, "போர்டு போச்சு சார், மாத்திடலாம்" என்றார். போர்டு 6,400 ரூபாய், விசிட் சார்ஜ் தனி. அவர் கண்டுபிடித்தது சரிதான். அவர் கைக்குக் கம்பெனி கொடுத்து அனுப்புவது முழு போர்டு. அதைப் பிரித்துப் பார்ப்பது அவர் வேலையில் சேராது.

தெருமுனை மெக்கானிக்கும் அதே பட்டனை அழுத்தி அதே சத்தத்தைத்தான் கேட்டார். அப்புறம் போர்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனார், நானும் கூடவே போனேன். ஈரம் படாமல் இருக்கப் போர்டு முழுக்கக் கண்ணாடி போன்ற ஒரு பசையை ஊற்றியிருப்பார்கள். ஓர் இடத்தில் மட்டும் அதைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கீறி எடுத்து மல்டிமீட்டரை வைத்தார். பீப் சத்தம் நிற்கவே இல்லை. மூன்று கால் வைத்த டிரையாக் ஒன்று ஷார்ட்டாகியிருந்தது. வடிகால் மோட்டாருக்குக் கரண்டை விடுவதும் நிறுத்துவதும் அதன் வேலை. ஷார்ட்டானால் நிறுத்தாது, விட்டுக்கொண்டே இருக்கும். சாமான் விலை 30 ரூபாய்கூட இருக்காது. அதை மாற்றி, மேலே சிலிக்கோன் பூசி, கழற்றி மாட்டிய கூலியோடு 1,300 வாங்கினார். மெஷின் இன்றுவரை ஓடுகிறது.

வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர்களில் போர்டு போச்சு என்று சொல்லப்படுவதில் பல, ஒரு டிரையாக்கோ, அதே மாதிரி கரண்டை விட்டு நிறுத்தும் ரிலேயோ போனதுதான். இன்னொன்று, மெஷின் மேல் ஒட்டியிருக்கும் 10 வருஷ வாரண்டி ஸ்டிக்கரைக் கிட்டப் போய்ப் படியுங்கள். பெரும்பாலும் அது மோட்டாருக்கு மட்டும். அடிக்கடி உயிரை வாங்கும் போர்டு அதில் வராது. மாடல் பழசாகிவிட்டால் முழு போர்டும் ஸ்டாக்கில் இருக்காது. அங்கிருந்து பேச்சு எக்ஸ்சேஞ்ச் ஆஃபருக்குத்தான் போகும்.

கம்பெனிக்குப் போக வேண்டிய வேலைகளும் உண்டு. ஃப்ரன்ட் லோடில் பேரிங் போய் ரயில் மாதிரி சத்தம் வந்தால் அசல் ஆயில் சீல் முக்கியம். மட்டமான சீலைப் போட்டால் தண்ணீர் மறுபடி பேரிங்குக்கு இறங்கும். இன்வெர்ட்டர் மெஷின்களில் மோட்டாரை ஓட்டும் பகுதியும் எலெக்ட்ரானிக்ஸ்தான், அதை எல்லாக் கடையிலும் தொட மாட்டார்கள். என் அனுபவம் சாதாரண டாப் லோடோடு நிற்கிறது என்பதால் இங்கே அடித்துப் பேச மாட்டேன். கம்பெனி நம்பரைக் கூகுளில் தேடாதீர்கள், வாரண்டி கார்டில் இருப்பதையே கூப்பிடுங்கள். கம்பெனி பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிற போலிகள் அதிகம்.

மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போதே, "போர்டு நீங்களே பார்ப்பீங்களா, வெளியே கொடுப்பீங்களாண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். வெளியே கொடுப்பதும் தப்பில்லை. சென்னையில் பலர் போர்டு வேலை மட்டும் பார்க்கும் கடைகளில்தான் கொடுக்கிறார்கள். "பழைய மெஷின்ல கழட்டின போர்டு இருக்கு, போட்டுடலாம்" என்று பதில் வந்தால் மட்டும் வேறு ஆளைப் பாருங்கள்.