ஃப்ளூரோகார்பன் என்று விலை, சுற்றிக் கொடுத்தது நைலான்: டாலஸ் பக்கம் தூண்டில் வாங்குபவர்கள் கவனிக்கவும்

"ரீலில் நரம்பு சுற்றித் தருகிறோம், கூலி கிடையாது" என்று எழுதிவைத்திருக்கும் கடைகளில் கண்ணை எடுக்காமல் நில்லுங்கள். டாலஸ் புறநகரில் அப்படியொரு கடையில் என்னிடம் விலை கூடிய ஃப்ளூரோகார்பன் நரம்புக்கு (தூண்டில் இழைக்கு) உரிய விலையை வாங்கிக்கொண்டு சாதாரண நைலான் நரம்பைச் சுற்றிக் கொடுத்து அனுப்பினார்கள். கூடவே ரீலைப் பற்றி ஒரு பச்சைப் பொய். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

தூண்டில் கம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழு அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன். அதாவது நுனிப்பக்கம் மட்டும் வளையும், தண்டு விறைப்பாக நிற்கும். ஒற்றை முள் வைத்த, தலை கனத்த செயற்கை இரையான ஜிக்கோ ரப்பர் புழுவோ போடும்போது, பாஸ் மீனின் கெட்டியான வாயில் முள்ளை ஏற்ற அந்த விறைப்பு வேண்டும். மும்முள் தொங்கும், மீன் வடிவச் செயற்கை இரையான கிராங்க்பெய்ட்டுக்கு இதைவிட இளக்கமான கம்பு நல்லது, இல்லாவிட்டால் முள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இவ்வளவையும் கடைக்காரரே பொறுமையாக, சரியாகச் சொன்னார். விஷயம் தெரிந்த மனிதர். ஆகவே அடுத்து நடந்ததெல்லாம் தெரியாமல் நடந்தது என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ரீல் கதை சின்னது. வலக்கையில் கம்பைப் பிடித்து இடக்கையால் சுற்றுவது என் பழக்கம். கடையில் இருந்த பேட்காஸ்டிங் ரீலுக்கு (கம்பின் மேல் உட்காரும் வகை) வலப்பக்கம்தான் கைப்பிடி. "அதனாலென்ன, ஒரு திருகைக் கழற்றினால் அந்தப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம்" என்றார். கம்பின் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீலில் மாற்றலாம். பேட்காஸ்டிங் ரீலில் பற்சக்கரங்கள் ஒரு பக்கத்து உறைக்குள்தான் இருக்கின்றன. வலப்பக்க ரீல் என்றால் ஆயுளுக்கும் வலப்பக்க ரீல்தான். கடையில் இருப்பு இல்லை என்பதை மறைக்கச் சொன்ன பொய் அது. நரம்பைச் சுற்றிவிட்டதால் திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். பெட்டியின் மேல் இடமா வலமா என்று அச்சிட்டிருக்கும். பேரிங் எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டு மயக்கும் பெட்டிகளில்கூட இந்தத் தகவல் ஒரு மூலையில் இருக்கும்; அதை முதலில் படியுங்கள்.

இனி நரம்பு. கம்புக்கும் ரீலுக்கும் பெயர் உண்டு, மாடல் எண் உண்டு; ஏமாற்றினால் வீட்டுக்கு வந்தாவது கண்டுபிடித்துவிடலாம். ரீலில் ஏறிவிட்ட நரம்புக்கு எந்த அடையாளமும் கிடையாது. 15 பவுண்டு இழுவை தாங்கும் நிறமில்லாத நைலானையும் நிறமில்லாத 15 பவுண்டு ஃப்ளூரோகார்பனையும் பக்கத்தில் வைத்தால் பழக்கமில்லாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விலை மட்டும் ஒன்றல்ல. நல்ல நைலான் பத்து டாலருக்குள் கிடைத்துவிடும். என்னிடம் ஃப்ளூரோகார்பனுக்கு வாங்கியது 34 டாலர்.

நைலான் மட்டமான சரக்கு என்று சொல்லவரவில்லை. நீரின் மேல் மிதக்கும் இரைகளுக்கு நான் இன்றும் அதைத்தான் போடுகிறேன். ஆனால் நைலான் தண்ணீரை உறிஞ்சும், நனைந்தால் பலம் குறையும். ஃப்ளூரோகார்பன் உறிஞ்சாது, சீக்கிரம் மூழ்கும், கட்டையில் உரசினால் கொஞ்சம் தாங்கும். அதன் ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு 1.53 அளவில். தண்ணீரின் எண்ணுக்கு நெருக்கமாக இருப்பதால்தான் ஃப்ளூரோகார்பன் தண்ணீருக்குள் குறைவாகத் தெரிகிறது. அது இழுத்தால் நீளவே நீளாது என்று கடைகளில் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், அதுவும் நன்றாகவே நீளும்.

இந்த வேறுபாடெல்லாம் முக்கியமாகும் இடம் லேக் ஃபோர்க். டெக்சஸ் மாநிலத்தின் மிகப் பெரிய பாஸ், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் பிடிபட்ட ஏரி. அணை கட்டித் தண்ணீரைத் தேக்கியபோது மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் விட்டுவிட்டதால், இன்றும் பட்ட மரங்கள் தண்ணீருக்குள் காடாக நிற்கின்றன. மீன் பதுங்குவது அந்தக் கிளைகளுக்குள்தான். படகில் என்னோடு வந்த திருநெல்வேலி நண்பரும் நானும் ஒரே எடையுள்ள ஜிக்கைத்தான் போட்டோம். அவருடைய நரம்பு விழுந்த கொஞ்ச நேரத்தில் நீருக்குள் போய்விட்டது. என்னுடையது நீர்ப்பரப்பில் வில்லாக வளைந்து கிடந்து காற்றோடு நகர்ந்துகொண்டிருந்தது. அவர் எட்டி, என் நரம்பை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதை என்னவென்று சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். ஃப்ளூரோகார்பன் என்றேன். சிரித்தார். அவர் நரம்பு கம்பிபோல் விறைப்பு. என்னுடையது விரலுக்குள் துவண்டது. அன்றைக்கு மாட்டிய ஒரே நல்ல மீன் மரத்தைச் சுற்றிக்கொண்டு நரம்பை அறுத்துவிட்டுப் போனது. நல்ல நரம்பாக இருந்தாலும் அறுந்திருக்கலாம், அந்தப் பழியைக் கடைக்காரர் மேல் போடமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பைக் கரைத்தேன், இனிக் கரையாது என்று அடியில் தங்கும்வரை. என் நரம்பில் ஒரு விரற்கடை, நண்பர் தன் கண்ணெதிரே பெட்டி பிரித்துச் சுற்றிய நரம்பில் ஒரு விரற்கடை. பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு சொட்டு விட்டு, ஒட்டிய காற்றுக் குமிழ்களைத் துடைத்து, இரண்டையும் கரண்டியால் அமுக்கிவிட்டேன். அவருடையது நேராக அடியில் போய் உப்பின் மேல் படுத்தது. என்னுடையது மேலே வந்து நின்றது. மறுபடி அமுக்கினாலும் மறுபடி வந்தது.

காரணம் அடர்த்தி. நைலான் 1.14 அளவில், முழுக்கக் கரைந்த உப்புநீர் 1.2, ஃப்ளூரோகார்பன் 1.78 அளவில். எரித்துப் பார்க்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஃப்ளூரோகார்பன் புகை நுரையீரலுக்குக் கேடு, அந்த வேலை வேண்டாம். நைலானின் மேல் ஃப்ளூரோகார்பன் பூசிய நரம்பும் சந்தையில் உண்டு. அதற்கு இந்தச் சோதனை தெளிவான பதில் தராது. பெட்டியில் "பூசியது" என்று பொடி எழுத்தில் இருக்கிறதா, "100 சதவீதம்" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைக்குத் திரும்பிப் போனேன். முதலில், "நீங்கள் சோதித்தது அடியில் போடும் நரம்பாக இருக்கும்" என்றார். விலை உயர்ந்த நரம்பை மிச்சப்படுத்த அடியில் கொஞ்சம் நைலானைச் சுற்றுவது நியாயமான வழக்கம்தான். ஆனால் நான் வெட்டியது ஜிக்கைக் கட்டும் நுனியிலிருந்து. அதைச் சொன்னதும் ஒரு காகிதக் கோப்பையில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, என் நரம்பில் ஒரு துண்டைப் போட்டு விரலால் அழுத்தினார். அது மெல்ல மூழ்கியது. "பாருங்கள், மூழ்குகிறது. நைலான் மிதக்கும்" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் தலையாட்டினார்கள். இதைத்தான் இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்: வெறும் தண்ணீரில் நைலானும் மூழ்கும், மெதுவாக. பல இழைகளைப் பின்னிச் செய்யும் பிரெய்டு நரம்பு மட்டும்தான் மிதக்கும். அந்தக் கோப்பை வித்தையைக் காட்டினால் ஏமாறாதீர்கள். உப்பு கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். கடையை விட்டு வெளியே போகச் சொன்னார்.

கடன் அட்டை வங்கியில் ஆட்சேபம் தெரிவித்தேன். எந்தப் பொருள், என்னவென்று விற்கப்பட்டது என்பதற்கு ரசீதைக் கேட்டார்கள். ரசீதில் "மீன்பிடிச் சாமான்" என்று ஒரே வரி, ஒரே தொகை. ஆட்சேபம் அங்கேயே செத்தது. கம்பு உடைந்தால் தயாரிப்பாளரிடம் உத்தரவாதம் கேட்கவும் இந்த ரசீது உதவாது. பெரும்பாலான நிறுவனங்கள் முதலில் வாங்கியவருக்குத்தான், அதுவும் மாடல் பெயருள்ள ரசீதைக் காட்டினால்தான் மாற்றித் தருகின்றன. ஆகவே கம்பு, ரீல், நரம்பு மூன்றையும் தனித்தனி வரியாக, நரம்பின் வகையும் பவுண்டும் எத்தனை கஜம் என்பதும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

கடையிலேயே சுற்றித்தான் ஆகவேண்டும் என்றால், பெட்ரோல் பங்கில் பூஜ்யத்தைப் பார்ப்பதுபோல், இயந்திரத்தில் மாட்டும் பெரிய உருளையின் சீட்டை முதலில் பாருங்கள், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சுற்றியபோது அந்த உருளை கல்லாவுக்குப் பின்னால் இருந்தது, சீட்டுப் பக்கம் சுவரைப் பார்த்து. இப்போது முத்திரை பிரிக்காத பெட்டியாக வாங்கி வீட்டில் நானே சுற்றிக்கொள்கிறேன். பென்சிலில் உருளையைச் செருகி யாரையாவது இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் போதும், பெரிய வித்தை ஒன்றுமில்லை.

டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு இணையம் வழியாகப் புகார் அனுப்பியிருக்கிறேன். தனி ஒருவருக்காக அவர்கள் வழக்காட மாட்டார்கள்; ஒரே கடையைப் பற்றிப் பல புகார்கள் சேர்ந்தால் பார்ப்பார்கள். அதனால் உங்கள் ரீலிலும் நுனியில் ஒரு துண்டை வெட்டி உப்புநீரில் போட்டுப் பாருங்கள். மேலே வந்தால், ரசீது எப்படி இருந்தாலும் பரவாயில்லை, புகாரை அனுப்பிவையுங்கள்.