பவர் சரி, ஆனால் கண்ணாடி தப்பு: பி.டி. அளக்காமல் கண்ணாடி வாங்காதீர்கள்

புதுக் கண்ணாடி போட்ட அன்றே தலைவலி தொடங்கிவிட்டது. "பத்து நாளில் பழகிடும்" என்று கடையில் சொன்னதை நம்பி மூன்று வாரம் பொறுத்துக்கொண்டேன். இரண்டு கண்ணையும் வெளிப்பக்கம் பிடித்து இழுப்பது போல வலி, சாயங்காலமானால் எழுத்து இரண்டிரண்டாகத் தெரியும். திரும்பப் போய்ச் சொன்னால் லென்ஸ்மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு, "சீட்டில் இருக்கிற பவர்தான் சார், தப்பே இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள்.

பவர் சரிதான், இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 6. ஆனால் லென்ஸின் ஒளி மையம் (ஒளி வளையாமல் நேராகப் போகும் புள்ளி) கண் பாப்பாவுக்கு நேரே வரவேண்டும், அதற்காகத்தான் இரண்டு பாப்பாவுக்கும் நடுவில் உள்ள தூரத்தை, அதாவது பி.டி.யை அளப்பது. எனக்கு யாரும் அளக்கவே இல்லை.

பிறகு கண் மருத்துவரிடம் அளந்தபோது என் பி.டி. 60 மி.மீ. கண்ணாடியில் மையங்களுக்கு இடையே 68. ஒரு கண்ணுக்கு 4 மி.மீ. தள்ளியிருக்கிறது. மையத்தை விட்டு விலகிப் பார்த்தால் லென்ஸ் ப்ரிசம் போல வேலை செய்யும், அதாவது பிம்பத்தை ஒரு பக்கமாக நகர்த்தும், விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் அதன் அளவு வந்துவிடும்: 0.4 × 6 = 2.4, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 4.8 ப்ரிசம் டயாப்டர் (அந்த நகர்வை அளக்கும் அலகு). மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லிசு, ஓரத்தில் தடிப்பு. மையத்துக்கு மூக்குப் பக்கமாகப் பார்க்கும்போது பிம்பம் வெளிப்பக்கம் நகர்கிறது, கண்களும் அதைத் துரத்தி வெளியே விரியப் பார்க்கும். உள்ளே திரும்புவது கண்ணுக்கு எளிது, படிக்கும்போது அதைத்தான் செய்கிறோம். ஆனால் வெளியே விரிய கண்ணால் கொஞ்சம்தான் முடியும். பவர் 1 என்றால் இதே தப்பு மொத்தம் 0.8தான், பலருக்குத் தெரியவே தெரியாது. பவர் கூடியவர்கள்தான் மாட்டுகிறோம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணாடியைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கதவு நிலையின் செங்குத்து விளிம்பை லென்ஸ் வழியாகப் பாருங்கள். உள்ளே தெரியும் கோடும் வெளியே தெரியும் கோடும் முறியாமல் சேரும் இடத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள், அடுத்த லென்ஸிலும் அப்படியே, அப்புறம் இரண்டு புள்ளிக்கும் இடையே ஸ்கேலால் அளந்து பி.டி.யோடு ஒப்பிட வேண்டியதுதான். (சாய்ந்த அச்சில் சிலிண்டர் பவர், அதாவது ஆஸ்டிக்மாடிசத்துக்குக் கொடுக்கும் பவர், இருந்தால் கோடே சாய்ந்து தெரியும், அவர்களுக்கு இது சரிவராது.)

புள்ளி வைத்த கண்ணாடியோடு போனதற்கு, "பெரிய ஃப்ரேம், மையம் தள்ளித்தான் வரும்" என்றார்கள். பொய். பெரிய ஃப்ரேம் என்றால் மையம் மூக்குப் பக்கம் வரும்படி லென்ஸை வெட்டவேண்டும், இவர்கள் ஃப்ரேமின் நடுவிலேயே வைத்து வெட்டிவிட்டார்கள். கடைசிவரை மாற்றித் தரவில்லை. வேறொரு கடையில், ஆர்டர் சீட்டில் 60 என்று எழுதச் சொல்லி, அதே ஃப்ரேமில் அதே பவரைப் போட்டேன். முதல் நாளே வலி இல்லை.