உறையைப் பிரித்துப் படிக்கும் நாவல்கள்: சில வருட அனுபவம்

கடிதங்களால் கதை சொல்வது பழைய வழி. 1897இல் வந்த ‘டிராகுலா’ முழுவதும் நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகை நறுக்கு என்றுதான் போகிறது. ஆனால் அங்கே கடிதம் வெறும் அச்சு. அதைக் கையால் எடுத்துப் பிரிக்கவைக்கும் நூல்கள் வேறு வகை. திருகோணமலையில், கடலுக்கு அருகிலுள்ள வீட்டில் சில வருடங்களாக இவற்றோடு பழகி வருகிறேன்.

அதிகம் புரட்டியது 2013இல் வெளியான ‘எஸ்.’. ஜே.ஜே. ஏப்ரம்ஸின் எண்ணத்தில் உருவாகி, டக் டார்ஸ்ட் எழுதியது. பெட்டியிலிருந்து உருவினால், 1949இல் அச்சானதாகச் சொல்லும் ஒரு நாவலின் நூலகப் பிரதி, முத்திரைகளுடன் கைக்கு வருகிறது. அதன் ஓரங்களில் ஜென், எரிக் என்ற இரு வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறார்கள். இடையிடையே தபாலட்டை, கடிதம், துடைப்புத்தாளில் கீறிய வரைபடம். கடைசியில் சங்கேதத்தை அவிழ்க்கச் சுழற்றக்கூடிய குறியீட்டுச் சக்கரம். மையின் நிறமே காலத்தைக் காட்டுகிறது: நீலமும் கறுப்பும் முந்தியவை, ஆரஞ்சும் பச்சையும் அடுத்தவை, ஊதாவும் சிவப்பும் அதற்கும் பிந்தியவை. முதல் அறிமுகத்தின் தயக்கமும் பின்னாளைய நெருக்கமும் ஒரே பக்கத்தில் அருகருகே கிடப்பதைப் பார்க்கும்போது மனம் நெகிழ்கிறது. அத்தியாயத்தின் மூலக்கதையை முடித்துவிட்டு ஓரங்களுக்குத் திரும்புவதே நல்லது. மீள்வாசிப்பில் ஒரு நிறச் சோடியை மட்டும் தொடர்ந்து பாருங்கள். அது தனி நாவலாகவே விரிகிறது. மூலக்கதை சில இடங்களில் இழுபடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இணைப்புகள் ஒட்டப்படாதவை. எது எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதும் கதையின் பகுதி என்பதால், படிக்கத் தொடங்குமுன் ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரவல் கொடுத்தால் அந்தப் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.

மாரி காலம் இந்த நூல்களுக்குப் பகை. தாள் ஊதிப் பெட்டிக்குள் இறுகிவிடும், அட்டைகள் வளையும். அலுமாரியில் நெருக்காமல் நிமிர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்தால் தாக்குப்பிடிக்கிறது. உலோகக் கிளிப் கூடவே கூடாது. உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தாளில் கறை பதித்துவிடும்.

நிக் பான்டாக்கின் ‘கிரிஃபின் அண்ட் சபீன்’ (1991) இணைப்பு இடம் மாறாது என்ற விதத்தில் நிம்மதி. உறைகள் பக்கத்தோடு ஒட்டியிருக்கின்றன, கடிதத்தை மட்டும் உருவிப் படிக்கலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதையே கொடுப்பேன். 1936இல் வந்த ‘மர்டர் ஆஃப் மயாமி’யோ முடியையும் நெருப்புக்குச்சியையும் தடயமாகவே உள்ளே வைத்து, விடையை முத்திரையிட்டு மூடிய துப்பறியும் கோப்பு. விடை தெரிந்தபின் மீண்டும் எடுக்கத் தோன்றவில்லை.

தமிழில் இப்படி ஒன்று வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த நீல ஏரோகிராம்களைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் வீடுகள் நம்மிடம் எத்தனை! இணைப்புகளைக் கையால் செருகுவது செலவைக் கூட்டும் என்பது புரிகிறது. ஒட்டிய இரண்டே உறைகளோடு வந்தாலும் முன்பணம் கட்டி வாங்குவேன்.