1,850 ரிங்கிட் கொடுத்து அப்பாவுக்கு இடுப்புவலி வாங்கினேன்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர மோட்டார் வண்டி) வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். இன்று மாலைதான் உண்மை தெரிந்தது. ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் தேய்ந்துவிட்டது. டுரியான் நிலத்தைச் சுற்றிவர நான் வாங்கிய பழைய ஏடிவியில் அவரால் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. பால் வாளி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் நின்று ஏறுவார். பார்க்கச் சகிக்காமல் வண்டியின் உயரத்தைக் குறைத்துவிடலாம் என்று கிளம்பினேன். பிடித்தது சனி.

மோட்டார் சைக்கிளுக்கும் ஏடிவிக்கும் சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங், ஷாக் வேலை செய்யும் பட்டறை அது. பெயர் வேண்டாம். பட்டறைக்காரர் நம்மவர்தான். அப்பாவுக்கு நாற்காலி போட்டு, "ஐயா எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். சொன்னதும், தன் அம்மாவும் அங்கேதான் பால்மரம் சீவினார் என்றார். அவ்வளவுதான், அப்பாவின் கண் கலங்கிவிட்டது. லயத்து வீடு, கோயில் திருவிழா, பழைய கிராணி (தோட்டத்து எழுத்தர்) என்று அரை மணி நேரம் பேச்சு. அம்மா சீவியது உண்மையா என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது. "இரண்டு அங்குலம் இறக்கலாம் தம்பி. குட்டை ஷாக் போடுகிறேன். மெத்தையில் போவது மாதிரி இருக்கும்" என்றார். 1,850 ரிங்கிட். முழுப் பணத்தையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தது. தோட்டத்துப் பிள்ளையிடம் போய் ரசீதா!

வண்டி வந்தது, தாழ்வாகத்தான் இருந்தது. அப்பா வாளி இல்லாமல் ஏறினார், சிரித்தார். அந்தச் சிரிப்பு செம்பனை வரிசையைத் தாண்டும்வரைதான் நீடித்தது. வேர் மேல் ஏறினால் 'டக்' என்று இரும்பு இரும்போடு மோதியது. வாய்க்கால் பலகையைக் கடந்தபோது வண்டியின் அடிப்பாகம் உரசியது. சமதரையில் திருப்பும்போது கவிழ்வது போன்ற பயம் குறைந்திருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் நிலத்தில் சமதரை எங்கே இருக்கிறது? மூன்றாம் நாள் அப்பாவால் குனிய முடியவில்லை.

அழைத்தேன். "ஓட ஓடப் பழகிவிடும் தம்பி." மறுபடி அழைத்தேன். "டயரில் காற்றைக் குறையுங்கள்." ஏற்கெனவே ஐந்து பிஎஸ்ஐதான், இன்னும் எங்கே குறைப்பது? நேரில் போனேன், "முதலாளி ஈப்போவுக்குப் போயிருக்கிறார்" என்றான் ஒரு பையன். உள்ளே அவருடைய செருப்பு கிடந்தது. பிறகு வாட்ஸ்அப்பில் நீலக்குறி மட்டும், பதில் இல்லை.

இன்று வேறொரு மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். குட்டை ஷாக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. பழைய ஷாக்கேதான். ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றைக் கிரைண்டரால் அறுத்துவிட்டுக் கறுப்புச் சாயம் அடித்திருக்கிறார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் மெத்தென்று ஆகாது, இன்னும் விறைப்பாகும். மேலே அமுங்க மிச்சமிருக்கும் தூரமும் குறையும். அதனால்தான் ஒவ்வொரு குழியிலும் ஷாக் அடிவரை போய் இடிக்கிறது. அறுத்த முனை தட்டையாக இல்லாததால் ஸ்பிரிங் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் தொங்கும்போது இடத்தைவிட்டே நழுவலாம் என்றார். முன்சக்கரங்களின் கோணமும் மாறிவிட்டது. இத்தனைக்கும் ஷாக்கில் உள்ள வளையத்தைத் திருகி, ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கும் முன்னழுத்தத்தைத் தளர்த்தினாலே உயரம் கொஞ்சம் இறங்கியிருக்குமாம், காசில்லாமல். நான் கொடுத்ததோ 1,850 ரிங்கிட்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டினால் மனுப் போடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. "பணம் கிடைத்தது" என்று பட்டறைக்காரர் அனுப்பிய குரல் செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறேன். அதை வைத்து 1,850 ரிங்கிட்டையும் கேட்கப்போகிறேன்.

என்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. கழற்றிய பழைய பாகங்களைக் கையோடு கேட்டு வாங்குங்கள். ஸ்பிரிங்கை அறுக்க விடாதீர்கள். நீங்கள் ஏறி உட்காரும்போது வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து பார்க்காதவனிடம் சஸ்பென்ஷனைக் கொடுக்காதீர்கள். ரசீது, ரசீது, ரசீது. மற்றவை பிறகு. அப்பாவுக்குத் தைலம் தேய்க்க வேண்டும், கூப்பிடுகிறார்.